வைர விறகு அரிய வலுக்கூடிய சங்கிலி வாளைத் தெரிவு செய்யும் முறை

எங்கள் வளவின் மேற்கு மூலையில் நின்ற முதிய புளியமரம் சோளகக் காற்றில் வேரோடு சாய்ந்தபோது, அதனை அரிந்து விறகாக்க என்னிடம் இருந்தது 45 சீசீ இயந்திரமும் 16 அங்குல அலகும் கொண்ட ஒரு சங்கிலி வாள் மட்டுமே. கிளைகளை அது தயங்காமல் அரிந்தது. ஆனால் 26 அங்குல விட்டமுள்ள அடித்தண்டில், இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று ஒரேயொரு வெட்டை முடிப்பதற்கு அரை மணித்தியாலம் கடந்துவிட்டது. வாள் புகைந்தது, கை விறைத்தது, வெட்டுவாயின் இரு ஓரங்களும் கருகிக் கறுத்திருந்தன. எல்லோரும் ‘செயின் சோ’ என்று அழைக்கும் இந்த இயந்திரத்தில் வலுக்கூடிய ஒன்றை வாங்குவதென்று அன்றே தீர்மானித்து, விறகுகாலைகளிலும் மரக்காலைகளிலும் விசாரித்து, சிலவற்றை இரவல் வாங்கி அரிந்தும் பார்த்து நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்து சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பின்னர், விறகடுப்பை மீண்டும் மூட்டி இன்றுவரை அணைக்காமல் வைத்திருக்கும் வீடுகளுள் எங்களதும் ஒன்று. அத்துடன் மைத்துனரின் வெதுப்பகத்துப் போறணைக்கும் விறகு அனுப்ப வேண்டியிருப்பதால், இது எனக்குப் பொழுதுபோக்கு அன்று.

புதிய வாளுக்குப் பணம் எண்ணும் முன்னர், கையிலுள்ள வாள் உண்மையிலேயே வலுக்குறைந்ததா அல்லது அதன் சங்கிலி மழுங்கியதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வாளுக்கு அடியில் விழும் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தால் போதும். கூரான பல் மரத்தைச் சீவும். அப்போது விழுவது அரிசி மணியை விடப் பெரிய, தொட்டால் உதிரியாக இருக்கும் சீவல். மழுங்கிய பல் மரத்தைத் தேய்க்கும். அப்போது விழுவது விரலிடுக்கில் ஒட்டும் மாவு. என் புளியமரத்தடியில் விழுந்தது மாவே. பல்லை நான் ஒழுங்காக அரத்தால் தீட்டித்தான் வந்தேன். ஆனால் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருப்பதையும், பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்த மேடே தீர்மானிக்கிறது என்பதையும் கவனிக்கவில்லை. பல்லின் மேற்பகுதி பின்னோக்கிச் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்டப் பல் பதிந்துகொண்டே போகும். மேடு மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். சிறிது காலத்தில் பல்லுக்கு மேலாக மேடு வந்துவிடும். பிறகு எவ்வளவு கூராகத் தீட்டினாலும் பல் மரத்தைத் தொடாது. மேடு பல்லின் உச்சியை விட ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். அளவுத் தகடு ஒன்றைச் சங்கிலியின் மேல் வைத்து, வெளியே தலைநீட்டும் மேட்டைத் தட்டை அரத்தால் இரண்டு மூன்று இழுப்பில் இறக்கிவிடலாம். அதைச் செய்த பின்னர் அதே தண்டில் அடுத்த வெட்டு ஏறத்தாழப் பாதி நேரத்தில் முடிந்தது. காற்று வடிகட்டியில் அடைந்த தூளும், புகைபோக்கியின் வலையில் படிந்த கரியும் வலுவைக் குறைக்கும் என்பதால் அவற்றையும் துடைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் வாள் திணறுமானால், அப்போது கடைக்குப் போகலாம். நான் போனேன், பாதி நேரமென்றாலும் கால் மணித்தியாலம், அந்தத் தண்டிலோ இன்னும் பத்து வெட்டுக்குக் குறையாமல் இருந்தது.

எவ்வளவு வலு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மரம். மா, பூவரசு, கிளிசரியா, வாகை போன்றவற்றை அரிபவருக்கு 40 முதல் 45 சீசீ வரையான வாள் தாராளம். வேம்பு முற்றியதானால் சிறிது கூடுதலாகக் கேட்கும். புளி, வீரை, முதிரை, பாலை ஆகியவை வேறு இனம். வன்னிப் பக்கத்திலிருந்து விறகுகாலைக்கு வரும் பாலைக்குற்றியின் வைரத்தில், அதாவது முற்றிக் கடினமான பகுதியில், ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் அது தாழும். அதாவது ஒரே பருமனுள்ள தண்ணீரை விட அது பாரமானது. அவ்வளவு செறிவான மரத்தில், பல் ஒவ்வொன்றும் சீவும் சீவலை வெட்டுவாயிலிருந்து இழுத்து வெளியே எறிவதற்கே இயந்திரம் கணிசமான வலுவைச் செலவிட வேண்டும்.

இதிலும் ஒரு வேறுபாடு உண்டு. அதே பாலையோ புளியோ பச்சையாக இருக்கும்போது, ஈரத்தால் நார் இளகி வாளுக்கு வழிவிடும். இரண்டு கோடை காய்ந்துவிட்டால் கல்லைப் போல் நிற்கும். ஆகையால் மரம் விழுந்த உடனேயே குற்றியாக அரிந்து, கொத்தி, மாரிக்கு முன்னர் கூரைக்குள் அடுக்கிக் காயவைப்பவருக்கு ஒரு படி சிறிய வாளே போதும். முழுத்தண்டாகக் கிடத்திக் காயவிட்டு, வேண்டியபோது அரிபவர்தாம் பெரிய வாளைத் தேடி அலைகிறார்கள். விறகு எரிவதற்கு வேண்டியது கொத்திய துண்டின் உட்காய்ச்சல். முழுத்தண்டு எத்தனை மாதம் கிடந்தாலும் நடுவில் ஈரம் நின்றுவிடும் என்பதால், அந்தக் காத்திருப்பினால் அடுப்புக்கும் நன்மை இல்லை.

பனையைத் தனியே சொல்ல வேண்டும். எங்கள் அடுப்புக்குப் போவது பெரும்பாலும் அதன் மட்டையும் பன்னாடையும் ஊமலுமே. தண்டு வளையாகவும் சிலாகையாகவும் போய்விடும். எனினும் விழுந்த பனையைத் துண்டாக்கும் வேலை எல்லோருக்கும் வரும். பனையின் வைரம் வெளிப்பக்கத்தில் உள்ளது, நடுப்பகுதி சோற்றியாக மெதுவாக இருக்கும். பனை இனங்களின் தசையில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா கலந்திருப்பதால், அது பல்லை மற்ற மரங்களை விட விரைவாக மழுக்கும். அதன் கறுத்த நார் சீவலாக உதிராமல் கயிறு போல் நீண்டு, சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தைச் சுற்றி மூடிக்குள் திணிந்து நிற்கும். இங்கே வலுவைக் கூட்டுவது பெரிதாக உதவாது; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி மூடியைக் கழற்றி நாரைப் பிடுங்குவதே உதவும்.

வலுவை எப்படி அளப்பது என்பதில்தான் வாங்குபவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். கடையில் முதலில் காட்டப்படுவது சீசீ என்ற எண். அது இயந்திர உருளையின் கொள்ளளவு மட்டுமே, வலு அன்று. வலு கிலோவாற்றில் எழுதப்பட்டிருக்கும். 1 கிலோவாற்று ஏறத்தாழ 1.34 குதிரை வலு. ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 291 என்ற வாள் 55.5 சீசீ, 2.8 கிலோவாற்று, அதே நிறுவனத்தின் எம்.எஸ். 362 என்பது 59 சீசீ, 3.5 கிலோவாற்று. கொள்ளளவில் வேறுபாடு சிறிது, வலுவில் வேறுபாடு கால்பங்கு, எடையிலோ இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. முன்னையது தோட்டக்காரருக்கானது, பின்னையது நாள் முழுவதும் மரத்தில் நிற்பவருக்கானது என்பதே காரணம். விலையும் அதற்கேற்ப ஏறும். ஹஸ்க்வானா நிறுவனத்தின் வாள்களிலும் இதே கதைதான்: 460 ரான்சர் 60.3 சீசீயில் 2.7 கிலோவாற்று தருகிறது, 562 எக்ஸ்.பி. 59.8 சீசீயில் 3.5 கிலோவாற்று தருகிறது. சீசீ கூடியது வலுக்கூடியது என்று எண்ணுபவர் இந்த இரண்டில் தவறானதையே எடுப்பார்.

மலிவு விலையில் வரும் பெயரறியா வாள்களின் மூடியில் 52 அல்லது 58 என்று பெரிய எண் ஒட்டியிருக்கும். அது கொள்ளளவாக இருக்கலாம், மாதிரி இலக்கமாகவும் இருக்கலாம். கையேட்டில் உருளையின் விட்டமும், அதற்குள் ஏறி இறங்கும் உந்துதண்டின் (பிஸ்டன்) ஓட்டமும் தரப்பட்டிருந்தால் நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். விட்டத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 0.785 ஆலும் பின்னர் ஓட்டத்தாலும் பெருக்கினால் சீசீ வரும். விட்டம் 4.5 சென்ரிமீற்றர், ஓட்டம் 3.4 சென்ரிமீற்றர் என்றால் விடை 54. மூடியில் 58 என்று இருந்தாலும் அது 54 தான். கிலோவாற்று எண் எங்குமே அச்சிடப்படாத வாளை நான் கையில் எடுப்பதில்லை.

இனி அலகு, அதாவது கடைக்காரர் ‘பார்’ என்று சொல்லும் நீண்ட தகடு. வலுக்கூடிய வாள் வேண்டுமென்று போகும் பலர் நீண்ட அலகோடு திரும்பி வருகிறார்கள். அலகு நீளும்போது, மரத்துக்குள் ஒரே நேரத்தில் நிற்கும் பற்களும் கூடுகின்றன, உராய்வும் கூடுகிறது. இயந்திரம் அதே இயந்திரமாகவே இருந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. 45 சீசீ வாளில் 22 அங்குல அலகைப் பூட்டிப் பாலையில் வைத்தால் கிளச் வழுக்கிச் சூடாகும், சங்கிலி நின்றுவிடும், இயந்திரம் மட்டும் இரையும். வைர மரத்துக்கு 2.3 கிலோவாற்று வாளில் 16 அங்குலம், 2.8 இல் 18, 3.5 இல் 20, 3.9 அல்லது அதற்கு மேல் 24 என்ற அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது என் கணிப்பு. இரு பக்கமும் நின்று அரியலாம் என்பதால், 18 அங்குல அலகே 30 அங்குலத் தண்டைச் சமாளிக்கும். உங்கள் விறகில் பத்துக்கு ஒன்பது பங்கு ஒரு அடிக்குக் குறைந்த விட்டமுள்ளதாக இருக்கும்போது, அந்தப் பத்தாவது தண்டுக்காக நீண்ட அலகை ஆண்டு முழுவதும் சுமப்பதில் பொருள் இல்லை.

சங்கிலியில் மூன்று விடயங்கள் அலகோடும் பற்சக்கரத்தோடும் பொருந்த வேண்டும். முதலாவது இடைவெளி: அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் தூரத்தை இரண்டால் வகுத்தால் வருவது. நடுத்தர வாள்களில் இது 0.325 அங்குலம், பெரியவற்றில் 3/8 அங்குலம். இரண்டாவது, அலகின் காடிக்குள் ஓடும் கீழ்ப்பல்லின் தடிப்பு, 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர்களில் ஒன்றாக இருக்கும். மூன்றாவது, அந்தக் கீழ்ப்பற்களின் எண்ணிக்கை. மூன்றும் அலகின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். அரமும் இடைவெளிக்கு ஏற்ப மாறும்: 0.325 க்கு 4.8 மில்லிமீற்றர், 3/8 க்கு 5.2 மில்லிமீற்றர்.

பல்லின் வடிவமே வைர விறகுக்கு மிக முக்கியம். முனை சதுரமாக மடிந்த பல் சுத்தமான பச்சை மரத்தில் மின்னல் போல் ஓடும், ஆனால் மண்ணையோ காய்ந்த வைரத்தையோ தொட்டவுடன் அதன் கூர்மூலை போய்விடும். முனை சிறிது உருண்ட பல் சற்று மெதுவானது, ஆனால் கூர் நின்று பிடிக்கும். வலிகாமத்துச் செம்மண்ணில் புரண்டு பட்டை முழுவதும் மண் அப்பிய குற்றியை, அடியில் சுண்ணக்கல் தலைநீட்டும் நிலத்தில் வைத்து அரிகின்ற எங்களுக்கு உருண்ட பல்லே ஏற்றது. தீட்டும் கோணம் வழமையாக 30 பாகை. காய்ந்த வைரத்துக்கு நான் 25 பாகையில் தீட்டுகிறேன், கூர் கூடுதல் நேரம் நிற்கிறது. பல்லின் நுனியில் காபைட் என்ற மிகக் கடினமான பொருளைப் பொருத்திய சங்கிலியும் கிடைக்கிறது. அதனைச் சாதாரண அரத்தால் தீட்ட முடியாது, இரும்பில் பட்டால் நுனி உடைந்துவிடும்.

இரும்பு என்பது இங்கே வெறும் எச்சரிக்கைச் சொல் அன்று. எங்கள் மரங்களின் உள்ளே ஒரு காலம் முழுவதும் புதைந்து கிடக்கிறது. வேலியில் நின்ற பூவரசும் வேம்பும் முள்ளுக்கம்பியை விழுங்கி வளர்ந்திருக்கின்றன. போர் நடந்த ஊர்களின் மரங்களிலோ செல் துண்டும் சன்னமும் பட்டைக்குள் மறைந்திருக்கின்றன. நான் இரவல் வாங்கிய 72 சீசீ வாளால் ஒரு வேப்பங்குற்றியை அரிந்தபோது, சீவலின் நிறம் திடீரெனக் கருநீலமானது. அது என்னவென்று நினைப்பதற்குள் ஒரு கீச்சொலியும் நெருப்புப் பொறியும் எழுந்தன. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தால், அலகின் ஒரு பக்கத்துப் பற்களில் ஆறு மொட்டையாகியிருந்தன. கொத்திப் பிளந்தபோது சுண்டுவிரல் நகத்தளவு துருப்பிடித்த துண்டொன்று வைரத்துக்குள் இருந்தது. மரச்சாறு இரும்போடு சேர்ந்து கறுக்கும் என்பதால் அந்தக் கறையே முன்னறிவிப்பு: குறுக்குவெட்டில் கருநீலக் கறை தெரிந்தால் அந்த இடத்தை விட்டு ஒரு முழம் தள்ளி அரியுங்கள். சிறிய வாள் இரும்பில் பட்டால் திணறி நிற்கும்; வலுக்கூடியது நிற்காமல் அரைத்துக்கொண்டு போய்ச் சங்கிலி முழுவதையும் கெடுக்கும். ஆகவே பெரிய வாள் வாங்கும்போது உபரிச் சங்கிலி இரண்டின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எடையைக் கடையில் ஒரு கணம் தூக்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அலகும் எரிபொருளும் இல்லாமல் 45 சீசீ வாள் நாலரைக் கிலோவும், 55 சீசீ வாள் ஐந்தரைக் கிலோவும், 70 சீசீ வாள் ஆறரைக் கிலோவும் இருக்கும். எண்ணெயும் சங்கிலியும் ஏறியபின் இரண்டு கிலோ வரை கூடும். குனிந்து அரியும் நிலையில் அதைக் கையில் பிடித்துப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் இடையில் சுருள்வில்லோ ரப்பரோ பொருத்தி அதிர்வைத் தாங்கும் அமைப்பு இல்லாத வாளை வாங்கவே வேண்டாம். தொடர்ந்த அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். முன்கைக் காப்பைத் தள்ளினால் சங்கிலி உடனே நிற்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டியது, ஏனெனில் அலகின் நுனி மேற்புறம் எதிலாவது பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும், வலு கூடினால் துள்ளலும் கூடும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு வாள் பிடிப்பவர்களை எங்கள் ஊரில் நாளும் காணலாம். சாரத்தின் தொங்கல் சங்கிலியில் சிக்குவதற்கு ஒரு நொடி போதும். தடித்த நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் கண்ணாடியும் காதடைப்பும் வாளின் விலையில் ஒரு பகுதி என்றே கருதுங்கள்.

கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனைகள் நான்கு. குளிர்ந்த இயந்திரத்தை உங்கள் முன்னால் இயக்கச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்த வாள் எளிதில் இயங்கும். மெதுவோட்டத்தில் சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். வேகம் கூட்டி அலகின் நுனியை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தால், கடதாசியில் எண்ணெய்த் துளிகள் கோடாக விழ வேண்டும். விழாவிட்டால் எண்ணெய்ப் பம்பி வேலை செய்யவில்லை. நான்காவது, பழைய வாளுக்குக் கட்டாயமானது: இயந்திரத்தை அணைத்து, இழுகயிற்றைக் கையில் பிடித்தபடி வாளைத் தொங்கவிடுங்கள். உருளையில் அமுக்கம் நன்றாக இருந்தால் வாள் விக்கி விக்கி இறங்கும். சர்ரென்று கீழே இறங்கினால் உருளையோ வளையமோ தேய்ந்திருக்கிறது. எனக்கு முதலில் காட்டப்பட்ட பாவித்த வாள், புதுப் பூச்சோடு பளபளத்தது, கயிற்றில் தொங்கியபோது ஒரே மூச்சில் நிலத்துக்கு வந்தது. இழுகயிறு, பற்சக்கரம், வடிகட்டி ஆகியவை யாழ் நகரிலேயே கிடைக்கும் மாதிரியா என்பதையும் கேளுங்கள். கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை விறகு காத்திருக்கும், போறணை காத்திராது.

எரிபொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையேடு 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் இரு வீச்சு ஓயில், 25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர்; கண்ணளவில் ஊற்றக் கூடாது. சங்கிலிக்கு மோட்டார் சைக்கிளில் வடித்த பழைய ஓயிலை விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அதிலுள்ள உலோகத் துகள் பம்பியையும் அலகையும் தின்றுவிடும்.

சட்டமும் இதில் உண்டு. இலங்கையில் 2019 இல் சங்கிலி வாள்களைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டதால், பற்றுச்சீட்டில் இயந்திரத்தின் தொடர் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். பாவித்த வாளானால் முன்னைய உரிமையாளரின் பதிவுப் பத்திரத்தைக் கேளுங்கள். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும்; சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலகத்துக்குப் போகாமல் வாளை வைக்கக் கூடாது.

வீட்டு அடுப்புக்கு மட்டும் விறகு அரிபவர், அவ்வப்போது புளியோ வேம்போ வந்தாலும், 50 முதல் 55 சீசீயில் 2.6 முதல் 2.8 கிலோவாற்று வரையான வாளையும் 18 அங்குல அலகையும் தாண்ட வேண்டியதில்லை. போறணைக்கோ விறகுகாலைக்கோ வாரந்தோறும் வைர விறகு அரிபவருக்கு 59 அல்லது 60 சீசீயில் 3.5 கிலோவாற்று தரும் தொழில்முறை வாளே முதலுக்கு மோசமில்லாதது. 70 சீசீக்கு மேற்பட்டவை நாள்தோறும் பெருந்தண்டு அரியும் மரக்காலைக்காரருக்கானவை. ஆண்டுக்கு ஒரு பெருமரம் மட்டும் விழும் வளவுக்காரர் அத்தகைய வாளையும் அதனை இயக்குபவரையும் ஒரு நாளுக்குக் கூலிக்கு அழைப்பதே மலிவு.

நான் வாங்கியது 3.5 கிலோவாற்று வாள். 20 அங்குல அலகு, உருண்ட பல், 3/8 இடைவெளி. புளியந்தண்டின் மிச்சத்தை ஒரு முற்பகலில் குற்றிகளாக்கினேன். வெட்டு ஒன்றுக்கு நான்கு நிமிடம் போனது, விழுந்தது சீவல். பழைய 45 சீசீ வாளை விற்கவில்லை. மேட்டைத் தேய்த்துச் சீராக்கிய பின்னர் கிளைகளுக்கு அதுவே இலகுவாக இருக்கிறது.